1.6 மில்லிமீற்றர்: ஹாண்டில் மாற்றப் போய் அறிந்த வரலாறு

“ஹாண்டில் மாத்திறது பத்து நிமிச வேலை பிள்ளை. ஆனா மாத்தினாப் பிறகு பிறேக்கும் பொருந்தாது, கியரும் பொருந்தாது. பிறகு என்னட்ட வந்து சண்டை பிடிக்கக்கூடாது.”

சைக்கிள் கடை அண்ணை இதைச் சொன்னது எங்களில் ஒருத்தியிடம். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த நாட்களில், ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய சைக்கிள் ஒன்றை அவள் வாங்கியிருந்தாள். மெல்லிய ரயர், பெரிய சில்லு, முன்னுக்கு மூன்று, பின்னுக்கு எட்டு என்று கியர். உடம்பு றேஸ் சைக்கிளின் உடம்பு. ஹாண்டில் மட்டும் விளக்குமாற்றுத் தடி மாதிரி நேரானது. ரவுணுக்குள் ஓட அதைவிட நல்ல வண்டி இல்லை.

நாங்கள் சேர்ந்து தூர ஓட்டம் போகத் தொடங்கியபோதுதான் பிரச்சினை வந்தது. ஆனையிறவைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் வெளி. மரம் இல்லை, மதில் இல்லை. காற்று எதிராக அடித்தால் மிதிக்கிறதெல்லாம் காற்றுக்கே போகும். நேர் ஹாண்டிலைப் பிடித்து நிமிர்ந்திருக்கிற நெஞ்சு பாய் விரித்த வள்ளம் மாதிரி. ஒரு மணித்தியாலம் போக சின்னவிரலும் அதற்கடுத்த விரலும் விறைத்துப்போகும். உள்ளங்கையின் வெளி ஓரத்தால் போகிற நரம்பு ஒரே இடத்தில் அமுங்கிக்கொண்டே இருப்பதால் வருகிற விறைப்பு அது. நேர் ஹாண்டிலில் பிடிக்க ஒரு இடம்தானே இருக்கிறது.

ஆகவே, கடாக்கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே வளைகிற ‘ட்ரொப்’ ஹாண்டில் போடுவம் என்று முடிவெடுத்தாள். அதற்குத்தான் அண்ணையின் அந்த எச்சரிக்கை.

“ஏன் அண்ணை பொருந்தாது? அதுவும் சைக்கிள், இதுவும் சைக்கிள்தானே?”

“அது வேற குடும்பம், இது வேற குடும்பம்.”

இந்தப் பதில் எங்களை விடவில்லை. ஒரே வண்டி எப்போது இரண்டு குடும்பமாய்ப் பிரிந்தது? யார் பிரித்தார்கள்? தேடிப் பார்த்தபோது, கையில் கிடந்த அந்த வளைந்த குழாய்க்குள் நூறு வருசத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று இருந்தது. உடம்பு எப்படி இருக்கவேண்டும் என்று ஆட்கள் சண்டை பிடித்த கதை அது.

குனிந்தால் குற்றம்

சைக்கிளின் மூதாதை என்று சொல்லப்படுகிற வண்டியை 1817 இல் ஜேர்மனியில் கார்ல் ட்ரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டினார். மரத்தால் செய்தது, பெடல் இல்லை, காலால் உந்தித்தான் போகவேண்டும். முன்சில்லைத் திருப்ப ஒரு தண்டு, முழங்கை ஊன்ற ஒரு பலகை. அன்றைக்கு ஹாண்டிலுக்கு இருந்த வேலை திருப்புவது மட்டும்தான்.

பிறகு பெடல் வந்து முன்சில்லில் பூட்டப்பட்டது. பெடலும் சில்லும் ஒன்றாகச் சுற்றுவதால், வேகம் வேண்டுமென்றால் சில்லைப் பெருப்பிக்க வேண்டும். அப்படித்தான் 1870 களின் அந்த உயரமான வண்டி உருவானது. அதில் ஏறியவர் கிட்டத்தட்ட முன்சில்லுக்கு மேலே இருந்தார். ஒரு கல்லில் மோதினால் ஆள் தலைகுப்புற விழவேண்டியதுதான். முன்னால் இருக்கிற ஹாண்டில் தொடைகளை மறிப்பதால் குதித்துத் தப்பவும் ஏலாது. விழும்போது காலாவது முதலில் நிலத்தில் படட்டும் என்று சிலர் ஹாண்டிலை வளைத்துத் தொடைகளுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். ஹாண்டிலை மாற்றி உடம்பைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

1885 இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செய்த ‘றோவர்’ எல்லாவற்றையும் மாற்றியது. இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவு, செயின் பின்சில்லைச் சுற்றும். இன்றைக்கு நாங்கள் ஓட்டுகிற சைக்கிளின் நேரடிப் பாட்டன் அதுதான். இருக்கை சில்லுக்கு மேலிருந்து இறங்கி நடுவுக்கு வந்ததால், எப்படி இருந்து ஓட்டுவது என்று தெரிவு செய்ய முதன்முதலாக வழி கிடைத்தது. ஹாண்டிலை உயர்த்திப் பின்னால் வளைத்தால் கதிரையில் இருப்பது போல நிமிர்ந்து இருக்கலாம். தாழ்த்தினால் குனிந்து காற்றை வெட்டலாம். 1888 இல் டன்லொப்பின் காற்றடைத்த ரயரும் வர, வேகம் எல்லாருக்கும் எட்டுகிற பொருளாகியது.

வேகம் வந்ததும் முறைப்பாடும் வந்தது. 1890 களில் அமெரிக்க நகரங்களில் ஹாண்டிலைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, தெருவில் பறந்த இளைஞர்களுக்கு ‘ஸ்கோர்ச்சர்’ என்று பட்டம் சூட்டினார்கள். தெருவைப் பொசுக்கிக்கொண்டு போகிறவர்கள் என்று அர்த்தம். இப்படிக் குனிந்தால் முதுகு நிரந்தரமாகக் கூனிப்போகும், நெஞ்சு ஒடுங்கும் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. நியூயோர்க் நகரப் பொலிஸ் ஆணையாளர்களில் ஒருவராக அப்போது இருந்தவர், பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட். வேகமாய்ப் போகிற சைக்கிள்காரரைச் சைக்கிளிலேயே துரத்திப் பிடிக்க 1895 இல் அங்கே ஒரு பொலிஸ் அணி உருவானது.

பெண்களுக்கு இந்தக் கண்டிப்பு இரட்டிப்பாக இருந்தது. பெண் சைக்கிள் ஓட்டலாமா என்பதே விவாதமாக இருந்த காலம். ஓட்டலாம் என்றவர்களும் நிமிர்ந்து, அடக்கமாக, மெதுவாக என்று நிபந்தனை போட்டார்கள். எங்கள் தோழி இதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். “நேற்று சந்தியில நிண்ட மாமா ஒராளும் இதைத்தான் சொன்னவர்.”

அந்தக் காலத்தில் குனிந்து ஓட்டியவர்களில் எங்களுக்குப் பிடித்தவர் மார்ஷல் ‘மேஜர்’ டெய்லர். கறுப்பின அமெரிக்கர். 1894 இல் அமெரிக்காவின் பெரிய சைக்கிள் சங்கமான லீக் ஒஃப் அமெரிக்கன் வீல்மென், வெள்ளையருக்கு மட்டுமே அங்கத்துவம் என்று விதி செய்தது. ஐந்து வருசம் கழித்து, 1899 இல் மொன்றியலில், டெய்லர் ஒரு மைல் ஓட்டத்தில் உலகச் சம்பியன் ஆனார். ஹாண்டிலைக் கழுத்துக்கு முன்னால் நீட்டிப் பிடிக்கிற, முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்திப் பூட்டக்கூடிய ஒரு ஸ்டெம்மை அவர் பாவித்தார். அந்த வகை ஸ்டெம்முக்கு இன்றைக்கும் பழைய சைக்கிள் பிரியர்கள் அவருடைய பெயரைத்தான் சொல்கிறார்கள். சங்கத்துக்குள் இடம் இல்லை என்று சொல்லப்பட்ட ஒருவர், சைக்கிளில் தன் உடம்புக்கான இடத்தைத் தானே அளந்து பூட்டிக்கொண்டார்.

வேகத்துக்கு மட்டுமல்ல

ட்ரொப் ஹாண்டில் என்றவுடன் எங்களுக்கு வேகம்தான் ஞாபகம் வரும். ஆனால் அது நிலைத்து நின்றதற்கு இன்னொரு காரணம் தூரம். 1903 இல் நடந்த முதலாவது டூர் டி பிரான்ஸ் போட்டியின் முதற்கட்டம் பாரிசிலிருந்து லியோன் வரை 467 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற தூரத்தைவிடக் கூட. அதை ஒரே மூச்சில், இரவும் பகலுமாக, அந்தக் காலத்துக் குண்டும் குழியுமான றோட்டில் ஓடினார்கள். அப்படி ஓடுகிறவருக்கு மேலே ஒரு பிடி, முன்னால் ஒரு பிடி, கீழே ஒரு பிடி என்று மாறி மாறிப் பிடிக்க இடம் இருந்தால்தான் கையும் தோளும் முதுகும் தாங்கும். ஏற்றத்தில் மேற்பிடி, எதிர்காற்றில் கீழ்ப்பிடி. எங்கள் தோழியின் இரண்டு விரல்கள் கேட்டதும் இதைத்தான்.

ஓடியவர்களே செய்பவர்களாக மாறியதும் இந்தக் கதையில் உண்டு. 1943 இல் மிலான்–சன் ரெமோ போட்டியை வென்ற சீனோ சினெல்லி, 1948 இல் சொந்தத் தொழில் தொடங்கி, ஹாண்டிலும் ஸ்டெம்மும் செய்து உலகப் பெயர் எடுத்தார். வளைவின் ஆழம், முன்னால் நீளும் அளவு, தோள் அகலத்துக்கு ஏற்ற அகலம் எல்லாம் இப்படி ஓடி ஓடிப் பார்த்துப் படிந்தவை.

அளவுகளும் அப்போதுதான் இறுகின. றேஸ் ஹாண்டிலில் கை பிடிக்கிற குழாயின் விட்டம் 23.8 மில்லிமீற்றர். ஸ்டெம் கவ்வுகிற நடுப்பகுதி பெரும்பாலும் 26 மில்லிமீற்றர், சினெல்லியின் பழைய ஹாண்டில்களில் 26.4. இந்த இலக்கங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ. பிறகு தேவைப்படும்.

வளைவு கிடந்தது, பிடித்தவர் இல்லை

1970 களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு சைக்கிள் அலை எழுந்தது. 1973 இல் மட்டும் அங்கே ஏறத்தாழ 1 கோடி 50 இலட்சம் சைக்கிள்கள் விற்றன. கனபேர் வாங்கியது ட்ரொப் ஹாண்டில் பூட்டிய, பத்துக் கியர் சைக்கிள். றேஸ்காரரின் வண்டி மாதிரி இருந்ததே அதன் கவர்ச்சி.

ஆனால் வாங்கியவர்கள் றேஸ்காரர்கள் இல்லை. பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள். அவர்கள் குனியவே இல்லை, ஹாண்டிலின் மேற்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பிறேக் லீவரோ முன்னால் வளைவில் இருந்தது, மேலே பிடிக்கிற கைக்கு எட்டாது. கொம்பனிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. பிறேக் லீவரில் இன்னொரு தண்டைப் பொருத்தி மேற்பகுதி வரை நீட்டினார்கள். அந்த நீட்டுத் தண்டை இழுத்தால் லீவர் அசையும், ஆனால் முழுத்தூரம் வராது. அவசரத்துக்கு நம்ப ஏலாது. பொல்லாத பெயர்கள் எல்லாம் அதற்குக் கிடைத்தன.

இதை ஒரு பாடமாகவே எடுத்தோம். ஒரு உடம்புக்காகச் செய்த ஹாண்டிலை, வேறு விதமாக ஓடுகிற உடம்புகளுக்கு அழகு காட்டி விற்றால் இப்படித்தான் நடக்கும். ட்ரொப் நல்லது, நேர் கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கே, எவ்வளவு தூரம், எப்படி ஓடுகிறீர்கள் என்பதைக் கேட்காமல் ஹாண்டிலைப் பற்றிப் பேச ஏலாது.

மலையிலிருந்து இறங்கிய நேர் ஹாண்டில்

அதே காலம், அதே நாடு, வேறு ஆட்கள். கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்றொரு மாவட்டம். அங்கே டமால்பாயிஸ் என்ற மலை. சில இளைஞர்கள் 1930 களிலும் 40 களிலும் செய்த பழைய, தடித்த ரயர் சைக்கிள்களைத் தேடி எடுத்து, மலைக்குக் கொண்டுபோய், மண்பாதையால் கீழே விட்டார்கள். 1976 ஒக்ரோபரில் அதை ஒரு போட்டியாகவே நடத்தினார்கள். அந்தப் பாதைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘றீபாக்’. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பழைய பிறேக், இறக்கத்தில் சூடேறி உள்ளே இருந்த கிறீஸ் எரிந்து புகையும். கீழே வந்ததும் கழற்றித் திரும்பக் கிறீஸ் அடைக்கவேண்டும். அந்த வேலைதான் பெயராகியது.

கல்லிலும் பள்ளத்திலும் பாய்கிற வண்டியை அடக்க அகலமான ஹாண்டில் வேண்டும், இரண்டு கையும் எந்நேரமும் பிறேக்கில் இருக்கவேண்டும். அந்தப் பழைய சைக்கிள்களின் ஹாண்டில் குழாய் 22.2 மில்லிமீற்றர், அங்குலக் கணக்கில் எட்டில் ஏழு. மோட்டார் சைக்கிள் ஹாண்டிலும் அதே அளவு. ஆகவே மோட்டார் சைக்கிளின் பலமான பிறேக் லீவரை அப்படியே எடுத்துப் பூட்டினார்கள். ஜோ பிறீஸ், கெரி ஃபிஷர், சார்ளி கெலி, டொம் ரிச்சி என்ற பெயர்கள் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவை. 1981 இல் ஸ்பெஷலைஸ்ட் கொம்பனி ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்ற மலைச் சைக்கிளை ஜப்பானில் தொகையாகச் செய்வித்து விற்றது. அதற்குப் பிறகு பத்து வருசத்துக்குள் கடைகளில் ட்ரொப் ஹாண்டில் அருகிப்போய், நேர் ஹாண்டில் நிறைந்தது. மலையே காணாதவர்களும் மலைச் சைக்கிள் வாங்கினார்கள். நிமிர்ந்திருக்கலாம், பிறேக் கையோடு இருக்கிறது, அது போதும் அவர்களுக்கு.

பிறகு, மலைச் சைக்கிளின் கனமும் தடித்த ரயரும் நகரத்துக்குத் தேவையில்லை என்று பட, றேஸ் சைக்கிளின் மெல்லிய சில்லையும் மலைச் சைக்கிளின் நேர் ஹாண்டிலையும் சேர்த்து ஒரு கலப்பு வண்டி செய்தார்கள். எங்கள் தோழியின் சைக்கிள் அந்தக் கலப்பில் பிறந்தது. உடம்பு ஒரு குடும்பம், கை இன்னொரு குடும்பம். அண்ணை சொன்னது சரிதான்.

இப்போது அந்த இலக்கங்களுக்கு வருவம். நேர் ஹாண்டிலின் பிடி 22.2. ட்ரொப் ஹாண்டிலின் பிடி 23.8. வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர். அந்த 1.6 மில்லிமீற்றரால்தான் அவளுடைய பழைய பிறேக் லீவரும் கியர் மாற்றியும் புதிய ஹாண்டிலுக்குள் நுழைய மாட்டோம் என்று நின்றன. ஒரு பக்கம் பிரெஞ்சு றோட்டிலும் இத்தாலியப் பட்டறையிலும் படிந்த அளவு, மறுபக்கம் கலிபோர்னிய மலையில் கிடைத்ததைப் பூட்டியதால் நிலைத்த அளவு.

பிறேக்கும் ‘கிளிக்’கும்

அடுத்த மறிப்பு பிறேக். 1996 இல் ஷிமானோ கொம்பனி மலைச் சைக்கிளுக்கு ‘வி-பிறேக்’ கொண்டுவந்தது. நீளமான இரண்டு கைகள் றிம்மை இரண்டு பக்கத்தாலும் அமுக்கும். அருமையாகப் பிடிக்கும், மலிவு, பூட்டவும் சுகம். ஆனால் கை நீளம் என்பதால் பழைய பிறேக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கேபிளை இழுக்கவேண்டும். அதற்கென்றே அதிகம் இழுக்கிற லீவரைச் செய்தார்கள். ட்ரொப் ஹாண்டிலுக்குரிய வழமையான லீவரோ றேஸ் பிறேக்குக்காகச் செய்தது, குறைவாகத்தான் இழுக்கும்.

இரண்டையும் மாறிப் பூட்டினால் என்ன நடக்கும்? லீவரை அமத்தும்போது பஞ்சு மாதிரி உள்ளே போகும், கட்டை றிம்மைச் சரியாகக் கவ்வுவதற்கு முதல் லீவர் ஹாண்டிலில் முட்டிவிடும். கடை வாசலில் ஓடிப் பார்க்கும்போது பிடிக்கிற மாதிரித்தான் இருக்கும். பஸ் ஒன்று குறுக்கே வெட்டும்போதுதான் உண்மை தெரியும். இதை வாசித்துவிட்டு நீங்களும் மாற்றப் போகிறீர்கள் என்றால், இந்த ஒரு பந்தியையாவது மறக்காதேங்கோ.

மூன்றாவது மறிப்பு கியர். டூர் டி பிரான்ஸ் ஓட்டக்காரருக்கு 1937 வரை கியர் மாற்றி பாவிக்க அனுமதியே இருக்கவில்லை. வந்த பிறகும் நீண்ட காலம் அது பிறேமின் கீழ்க்குழாயில் ஒரு சின்ன லீவராக இருந்தது. கையை ஹாண்டிலிலிருந்து எடுத்து, கீழே கொண்டுபோய், இழுத்து, செயின் உரசுகிற சத்தத்தைக் காதால் கேட்டு, சரியான இடத்தில் நிறுத்தவேண்டும். 1984 இல் ஷிமானோ ‘கிளிக்’ வைத்தது. ஒரு கிளிக் ஒரு கியர். 1990 இல் பிறேக் லீவருக்குள்ளேயே கியர் மாற்றியையும் வைத்தது. 1992 இல் இத்தாலியின் கம்பக்னோலோவும் அதைச் செய்தது. கை ஹாண்டிலை விடத் தேவையே இல்லாமல் போனது.

வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கிளிக் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கிளிக்குக்கும் கேபிள் எவ்வளவு அசையவேண்டும் என்பது கொம்பனியின் கணக்காகியது. ஒரு கொம்பனியின் கிளிக் இன்னொன்றின் பல்லில் சரியாக இருக்காது. ஒரே கொம்பனிக்குள்ளேயே முன் கியரில் றோட் சைக்கிளுக்கு ஒரு கணக்கு, மலைச் சைக்கிளுக்கு இன்னொரு கணக்கு. அதிர்ஷ்டவசமாக, ஷிமானோவின் எட்டுக் கியர்க் காலத்தில் பின் கியர் மட்டும் இரண்டு குடும்பத்துக்கும் பொது. பத்துக் கியர் வந்தபோது அந்த உறவும் முறிந்தது. காதால் கேட்டு மாற்றுகிற அந்தப் பழைய கிளிக் இல்லாத லீவர் மட்டும் இன்றைக்கும் எல்லாக் குடும்பத்தோடும் ஒத்துப்போகும்.

ஹாண்டிலுக்கும் சட்டம்

ஒரு ஹாண்டில் எவ்வளவு தூரம் விசயம் என்று கேட்பவர்களுக்கு 1989 டூர் டி பிரான்சைச் சொல்லலாம். கடைசி நாள், 24.5 கிலோமீற்றர் தனி ஓட்டம். பிரான்சின் லோறன் ஃபினியோன் 50 செக்கன் முன்னணியில் இருந்தார். அமெரிக்கரான கிறெக் லெமொண்ட், முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னால் ஒன்றாக நீட்டுகிற ஒரு நீட்டு ஹாண்டிலைப் பூட்டிக்கொண்டு வந்தார். ஃபினியோனிடம் அது இருக்கவில்லை. லெமொண்ட் முழுப்போட்டியையும் 8 செக்கனால் வென்றார். ஹாண்டில் மட்டும்தான் காரணம் என்று சொல்ல ஏலாது. ஆனால் அதற்குப் பிறகு தனி ஓட்டத்துக்கு அந்த மாதிரி ஹாண்டில் இல்லாமல் வருபவர்கள் அருகிப்போனார்கள்.

ஸ்கொட்லாந்தின் கிரேம் ஓப்ரி இன்னும் ஒரு படி போனார். தானே செய்த சைக்கிளில், கைகளை நெஞ்சுக்குக் கீழே மடித்து, செட்டை ஒடுக்கின பறவை மாதிரி இருந்து, 1993 இல் ஒரு மணித்தியாலத்தில் 51.596 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை வைத்தார். அந்தச் சைக்கிளில் அவர் உடுப்புத் தோய்க்கிற மெசினின் பெயரிங்கைப் பாவித்திருந்தார். 1994 இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அந்த இருக்கை முறையைத் தடை செய்தது. அவர் கைகளை நேரே முன்னால் நீட்டுகிற இன்னொரு முறையைக் கண்டுபிடித்து 1995 இல் உலகச் சம்பியன் ஆனார். அந்த முறையும் பிறகு தடைப்பட்டது. 2000 இல் சம்மேளனம் இன்னும் பின்னுக்குப் போய், 1972 இல் எடி மெர்க்ஸ் சாதாரண ட்ரொப் ஹாண்டிலில் ஓடிய 49.431 கிலோமீற்றரையே அளவுகோலாக வைத்தது.

1890 களில் குனிந்தவர்களைக் கூனர்கள் என்றார்கள். நூறு வருசம் போக, அந்தக் குனிவே சட்டபூர்வமான, ‘இயல்பான’ உடம்பாக மாறி, அதைவிடக் குனிந்தவர்கள் தடை செய்யப்பட்டார்கள்.

எங்கள் றோட்டின் ஹாண்டில்

இதெல்லாம் தூரத்துக் கதை. எங்கள் ஊர்களுக்கு வந்த சைக்கிள் மூன்றாவது ஒரு குடும்பம். ராலி, ஹம்பர் என்று பிரிட்டிஷ் பெயர்களோடு வந்த, கறுத்த, பாரமான வண்டி. ஹாண்டில் பின்னுக்கு வளைந்து கை தானாக வந்து விழுகிற இடத்தில் இருக்கும். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிப் பிறேக். வேட்டியோடு, நிமிர்ந்து, மரியாதையாக ஓடலாம். அதிலும் ஹாண்டிலும் பிறேக் லீவரும் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஒன்றை விட்டு மற்றதை மாற்ற ஏலாது. பூட்டிவைக்கிற பழக்கம் புதியதல்ல.

1990 களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனபோது வடக்கைச் சுமந்தது அந்தச் சைக்கிள்தான். விறகு, நோயாளி, மூட்டை, பிள்ளை எல்லாம் அதில் போனது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எங்கள் பெற்றோர் அதை ஓட்டவில்லை. சனத்துக்குள் ஓட இடமும் இல்லை. இரண்டு பக்கமும் பை தொங்கவிட்ட ஹாண்டிலைப் பிடித்து உருட்டிக்கொண்டு நடந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு ஹாண்டில் என்றால் சாமான் தொங்கவிடுகிற இடமும்தான். சந்தையால் வருகிறவருக்கு இன்றைக்கும் அப்படித்தான். ட்ரொப் ஹாண்டிலில் ஒரு கீரைக்கட்டைக்கூட ஒழுங்காகத் தொங்கவிட ஏலாது. இதைத் தோழியின் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

கடைசியில் என்ன செய்தோம்

எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு திரும்ப அண்ணையிடம் போனோம். அவர் தாளை வாங்கிப் பார்த்து, “சரி, இனிக் கதைக்கலாம்” என்றார்.

ஸ்டெம் முதலில். அவளுடைய ஸ்டெம் 25.4 மில்லிமீற்றர் ஹாண்டிலைக் கவ்வுவது, கிடைத்த ட்ரொப் ஹாண்டில் 26. வித்தியாசம் 0.6 தானே, இறுக்கினால் போகும் என்று எங்களில் ஒருவன் சொன்னான். அண்ணை விடவில்லை. பொருந்தாததை இழுத்து இறுக்கினால் அலுமினியம் வெடிக்கும், வெடிக்கிற நேரம் ஓடிக்கொண்டிருக்கிற நேரமாக இருக்கும் என்றார். ஆகவே வேறு ஸ்டெம். அதுவும் பழையதைவிடக் கட்டையானது. நேர் ஹாண்டில் சைக்கிளின் பிறேம் நீளம். ட்ரொப் ஹாண்டில் அதற்கு மேல் இன்னும் எட்டுச் சென்ரிமீற்றர் அளவில் முன்னால் நீளும். ஸ்டெம்மைக் கட்டையாக்காவிட்டால் பிடிக்கப் படுக்கவேண்டி வரும்.

பிறேக்குக்கு, வி-பிறேக்குக்கென்றே அதிகம் இழுக்கிற ட்ரொப் லீவர் தனியாக உண்டு. இங்கே கிடைக்கவில்லை, கனடாவிலிருந்து வந்த ஒரு மாமாவின் பெட்டிக்குள் வந்தது. கியருக்கு, ஹாண்டிலின் இரண்டு நுனியிலும் செருகுகிற லீவர். பின் கியருக்கு எட்டுக் கிளிக். முன் கியருக்குக் கிளிக் இல்லாத பழைய முறை. முன் கியரில் குடும்பம் மாறினாலும் அதற்குக் கவலையில்லை. ஹாண்டில்தான் எல்லாவற்றிலும் மலிவு. மற்றச் சாமானுக்குப் போன காசைப் பார்த்தால், முதலிலேயே ஒரு பழைய றேஸ் சைக்கிளைத் தேடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். மாற்ற நினைக்கிறவர்கள் ஸ்டெம்மின் விட்டம், பிறேக்கின் வகை, கியரின் எண்ணிக்கை மூன்றையும் குறித்துக்கொண்டு, சாமான்களின் விலையைக் கூட்டிப் பார்த்த பிறகு தொடங்குங்கோ. சிலருக்கு நேர் ஹாண்டிலின் நுனியில் ஒரு சோடிச் சின்னக் கொம்பு பூட்டினாலே கைக்கு இன்னொரு இடம் கிடைத்துவிடும்.

அவள் ஏன் விடவில்லை என்று கேட்டோம். “இந்தச் சைக்கிள் என்ர. என்ர கைக்கு ஏத்த மாதிரி மாத்தேலாதெண்டா பிறகென்ன?” என்றாள். கொம்பனிகள் வைத்த அளவுகள் எல்லாம் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அளவு ஒன்றாக இருந்தால்தான் ஊர்க் கடையில் சாமான் கிடைக்கும். ஆனால் அந்த அளவுகள் இயற்கை விதிகள் அல்ல. யாரோ, எங்கேயோ, ஒரு றோட்டுக்காக, ஒரு உடம்புக்காக, சிலநேரம் ஒரு விற்பனைக்காக எடுத்த முடிவுகள். அது தெரிந்தால், “பொருந்தாது” என்ற சொல்லைக் கேட்டவுடன் திரும்பி வரத் தேவையில்லை. எது பொருந்தாது, எவ்வளவால் பொருந்தாது என்று கேட்கலாம்.

போன மாதம் ஆனையிறவில் அதே எதிர்காற்று. அவள் கீழ்ப்பிடியைப் பிடித்துக் குனிந்து எங்களுக்கு முன்னால் போனாள், நாங்கள் அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு போனோம். பரந்தனில் நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கும்போது விரல்களை விரித்து மடக்கிக் காட்டினாள். விறைப்பு இல்லை. கழுத்து மட்டும் நோகுதாம்.

கழற்றின நேர் ஹாண்டில் கடையில் கிடந்தது. அடுத்த கிழமையே ஒரு பெடியனின் சைக்கிளுக்கு அண்ணை அதைப் பூட்டிக் கொடுத்தார். அதே குடும்பம். பத்து நிமிசம்தான் எடுத்ததாம்.